பிழையான வீட்டில்

வின்னிபெக்கில் வீடு வாங்கியபோது
சமையலறையைப் பார்த்தேன்,
பள்ளிக்கூடம் எத்தனை நிமிடம் என்று கேட்டேன்.
பேஸ்மென்ட் மூலையில் மூடியிட்ட குழியை
யாரும் காட்டவில்லை.
அந்த அக்டோபர் மழையில்
அதுவே தன்னைக் காட்டிக்கொண்டது:
கணுக்கால் அளவு நீர்,
மிதந்து போகும் ஒற்றைச் செருப்பு.

அப்போது வந்தவர் சூசைதாசன்.
முழங்கால் வரை பூட்ஸ், காதில் பென்சில்.
குழிக்குள் தோள்வரை கைவிட்டு
செத்த பம்பைப் பிடுங்கிப் போட்டார்.
புதியதைப் பூட்டினார்.
"தண்ணி ஏற ஏற மிதவை எழும்பும்.
எழும்பினா இது சத்தம் போட்டு வெளிய தள்ளும்.
இதுக்கு வேற ஒண்டும் தெரியாது."

நான் நாள் முழுக்கப் பார்ப்பதும் அதைத்தான்
என்றேன், தேநீர் ஊற்றிக்கொண்டே.
இரத்தப் புற்றுச் செல்லின் தோலில்
ஒரு பம்ப் இருக்கிறது.
மருந்து நுழைய நுழைய வாசலிலேயே பிடித்து
வந்த வழியே வெளியே கொட்டும்.
ஓய்ந்த நோய் மறுபடி எழும்போது
ஒன்று இருந்த இடத்தில் நூறோடு எழும்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.
"நல்ல பம்ப் தங்கச்சி.
பிழையான வீட்டில பூட்டியிருக்கு."

பிறகு, பில் எழுதும்போது, நிமிராமலே:
"எனக்கும் அந்த வருத்தம்தான். ரெண்டாந்தரம்.
திங்கக்கிழமை அட்மிட்.
எலும்பில குத்தி எடுத்ததில கொஞ்சம்
உங்கட பில்டிங்குக்கும் குடுத்தனான்."

குழாய்களில் பெயர் இருக்காது, எண் இருக்கும்.
எந்த எண் என்று கேட்கக் கூடாது.
கேட்கவில்லை.
உறைபெட்டியைத் திறந்த நாளெல்லாம்
ஒவ்வொரு எண்ணும்
காதில் பென்சில் வைத்திருந்தது.

மணல்தான் எங்கள் தந்திரம்.
வெள்ளக் காலத்தில் ஊரே கூடி மூட்டை கட்டும் மணலுக்கு
தூரத்து உறவு, சிலிக்கா.
தேனடைபோல் துளைத்த உருண்டை;
ஒரு தலைமயிரின் குறுக்கே எண்ணூறு நிற்கும்.
துளைகளில் மருந்தை நிறைத்து
மேலே கொழுப்பைப் பூசி அனுப்பினால்
நஞ்சென்று அறியாது செல்.
இரை என்று விழுங்கும்.
பம்ப் வாசலில் நிற்கும், வெறுங்கையோடு.
உள்ளே, புளித்த வயிற்றில்,
பூச்சு கரையும்.

அந்த மருந்து சிவப்பு.
நுண்ணோக்கியின் ஒளியில் தானே மினுங்கும்.
வெறும் மருந்து கொடுத்த தட்டில் செல்கள்
கழுவிக் கவிழ்த்த கோப்பைபோல் மங்கலாய்.
மணல் கொடுத்த தட்டில்
(பிப்ரவரி, செவ்வாய், இரவு பதினொன்று,
வெளியே மைனஸ் முப்பத்தொன்று)
ஒவ்வொன்றும் அடுப்புக் கங்கு.
ஒக்சானாவைக் கூப்பிட்டேன்.
அவள் பார்த்தாள், தன் மொழியில் ஏதோ சொன்னாள்,
சிப்ஸ் பொட்டலம் ஒன்றைக் கிழித்தாள்.
காலையில் எண்ணினோம்.
நூற்றுக்கு எண்பத்தேழு செத்திருந்தன.

தட்டில்.

தட்டுக்குப் பின் எலி.
எலிக்குப் பின் படிவங்கள், அனுமதிகள்,
மறுபடி படிவங்கள்,
அதற்கும் பின்னால் ஒரு முதல் மனிதர்.
அவர் இப்போது எங்கோ
பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கலாம்.
எங்கள் மாடியிலிருந்து வார்டுக்கு
லிஃப்டில் நாற்பது வினாடி.

மார்ச்சில் போய்ப் பார்த்தேன்.
தலையில் பின்னல் தொப்பி.
எண்பத்தேழு, என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவர் முந்திக்கொண்டார்:
"பனி உருக முதல்
மிதவையைக் கையால தூக்கிப் பாருங்கோ.
சத்தம் வரோணும்.
வராட்டி எனக்கு அடியுங்கோ."

ஏப்ரல் இரண்டு.
மூடியைத் திறந்து மிதவையைத் தூக்கினேன்.
வீடு அதிர இரைந்தது,
இன்னும் வராத தண்ணீரை
ஆற்றைப் பார்த்துத் தள்ளியது.
கைபேசியில் அவர் 'பம்ப்' என்றுதான் இருக்கிறார்.
வேலை செய்கிறது என்று சொல்ல எடுத்து
கொஞ்ச நேரம் நின்றேன்,
ஈரக் கையோடு,
அது இரைந்து முடியும்வரை.